சரக்குப் பழையது, சீட்டுப் புதியது!

சந்தையிலே ஒரு காட்சி! சென்ற வாரம் விலைபோகாமல் தேங்கிய மூட்டை. புழுத்த தானியம் என்று ஊரார் தொட மறுத்த மூட்டை. இந்த வாரமும் அதே கடையில், அதே வணிகர், அதே மூட்டையை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். மூட்டையின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டு மட்டும் புதியது. “இது வேறு சரக்கு ஐயா! சென்ற வாரத்து மூட்டைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை” என்று அடித்துப் பேசுகிறார். சீட்டைப் படிப்பவன் ஏமாறுவான். மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பார்ப்பவன் ஏமாறான்.

நூலைத் திறனாய்வு செய்வோனின் வேலையும் மூட்டையைப் பிரித்து அள்ளிப் பார்ப்பதுதான். காவியத்தை அள்ளிப் பார்க்கிறோம், நாடகத்தை அலசுகிறோம், புதினத்தைப் புடைத்தெடுக்கிறோம். ஆனால், நாட்டிலே மிகப் பலர் கைக்குச் சென்று சேரும் நூலை, படித்தே தீரவேண்டும் என்ற கட்டளையோடு கொடுக்கப்படும் நூலை, பள்ளிப் பாடநூலை, நாம் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது அரிதினும் அரிது! காவியம் கசந்தால் மூடி வைக்கலாம். பாடநூலை மூடி வைத்தால் தேர்விலே தோல்வி. காவியத்தோடு வாதிடும் வயதில் காவியத்தைப் படிக்கிறோம். பாடநூலோடு வாதிட இயலாத வயதில், வாதிட இடந்தராத வகுப்பறையில், பாடநூலைப் படிக்கிறோம். அங்கே பதிந்தது, பிறகு ஆயிரம் மேடை கேட்டாலும் எளிதில் அழியாது. மதவாதிகள் இதனை நன்கு அறிவர். ஆகவேதான் அவர்கள் கவிஞனை வைதுவிட்டுப் போகிறார்கள். பாடநூலுக்கோ சட்டமன்றம்வரை, நீதிமன்றம்வரை சென்று போராடுகிறார்கள்.

இந்த நோக்கோடு இரண்டு பாடநூல்களைப் பார்ப்போம். இரண்டும் அமெரிக்க நாட்டுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. இரண்டும் நீதிமன்றப் படியேறியவை. ஒன்று, 1989இல் வெளிவந்த ‘பாண்டாக்களும் மக்களும்’ என்னும் நூல். மற்றொன்று, ஜார்ஜ் வில்லியம் ஹண்டர் எழுதி 1914இல் வெளிவந்த ‘குடிமை உயிரியல்’. முன்னது பரிணாமக் கொள்கையைப் பகைத்த நூல். பின்னது அதனைப் போற்றிய நூல். முன்னதைச் சாடி, பின்னதைப் பாடி முடித்துவிட்டால் நமக்கு மகிழ்ச்சி, வேலையும் எளிது. ஆனால் பகுத்தறிவு, எதிரியின் வீட்டுக்கு மட்டும் எடுத்துச்செல்லும் விளக்கு அன்று. நம் வீட்டு மூலையிலும் அது எரியவேண்டும்.

மேடையில் வெற்றி, அச்சுக்கூடத்தில் தோல்வி

முன்கதையைச் சொல்லிவிடுவோம். 1925 மார்ச்சுத் திங்களில் டென்னசி மாநிலம் ஒரு சட்டம் செய்தது. மனிதன் கீழ்நிலை உயிரினின்றும் தோன்றியவன் என்று அரசுப் பள்ளியிலே கற்பிப்பது குற்றம். தண்டம் 100 டாலர் முதல் 500 டாலர்வரை! அவ்வாண்டு ஜூலைத் திங்களில், டேட்டன் என்னும் சிற்றூரில், ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர் அந்தக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டார். மும்முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றவரும், நாவன்மை மிக்கவருமான வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் சட்டத்தின் பக்கம். புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ ஆசிரியர் பக்கம். நீதிமன்றத்துப் புல்வெளியில் பிரையனையே சாட்சியாக அமர்த்தி டாரோ தொடுத்த கேள்விக் கணைகளை உலகம் இன்றும் பேசி மகிழ்கிறது.

ஆனால் தீர்ப்பு என்ன? நடுவர் குழு ஒன்பதே நிமிடத்தில் கூடிக் கலைந்து வந்து, குற்றவாளி என்றது. தண்டம் 100 டாலர்! 1927இல் மாநில உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. அதுவும், தண்டம் விதித்த முறையிலே பிழை என்ற காரணத்தால். சட்டத்தை அது தள்ளவில்லை. 1967 வரையில் அச்சட்டம் உயிரோடு இருந்தது.

டாரோ வென்றார் என்று சொல்லிக் களிக்கிறோம். மேடையில் வென்றார், மெய்தான்! அச்சுக்கூடத்தில் தோற்றார்! பாடநூல் வணிகர் ஒரு மாநிலத்துக்கு ஒரு நூல் என்று அச்சிடுவதில்லை; ஒரே நூலை எல்லா மாநிலத்திலும் விற்கப் பார்க்கிறார்கள். எங்கோ ஒரு மாநிலம் முகம் சுளித்தாலும் இலாபம் குறையும். ஆகவே, சட்டம் சில மாநிலங்களில். அச்சமோ நாடு முழுவதும்! டேட்டன் வழக்கின் நடுநாயகமாக இருந்த ஹண்டரின் நூலே 1926இல் திருத்தப் பதிப்பாக வந்தபோது, பரிணாமம் என்ற சொல் அதிலிருந்து அகற்றப்பட்டிருந்தது. தீயிட்டுக் கொளுத்தினால் உலகம் திரும்பிப் பார்க்கும். ஒரு சொல்லை ஓசையின்றி உருவி எடுத்தால் யார் பார்ப்பார்கள்?

இந்த ஊமைத்தனம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணிலே சுழலவிட்டது. அமெரிக்கா திடுக்கிட்டு எழுந்து தன் பள்ளிகளைத் திரும்பிப் பார்த்தது. அரசின் பொருளுதவியோடு அறிஞர்கள் கூடி எழுதிய உயிரியல் நூல்கள் 1963இல் வெளிவந்தபோது, பரிணாமம் மீண்டும் பாடத்தின் நடுவிடத்தில் அமர்ந்தது. 1968இல், சூசன் எப்பர்சன் என்ற ஆசிரியை தொடுத்த வழக்கிலே, ஆர்கன்சா மாநிலத்தின் 1928ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தை அமெரிக்க உச்சநீதிமன்றம் செல்லாது என்று வீசி எறிந்தது.

தடுக்க முடியவில்லை என்றதும் மதவாதிகள் தந்திரத்தை மாற்றினர். “நீங்கள் உங்கள் பரிணாமத்தைச் சொல்லுங்கள், எங்கள் படைப்பு அறிவியலையும் கூடவே சொல்லுங்கள். இரண்டையும் சொல்வதுதானே நீதி?” என்று இனிக்க இனிக்கப் பேசினர். லூசியானா மாநிலம் 1981இல் இதனைச் சட்டமாகவே ஆக்கிற்று. கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும்! தராசின் ஒரு தட்டில் நெல்லைக் கொட்டி, மறு தட்டில் ‘நெல்’ என்று எழுதிய ஓலையை வைத்து, இரண்டும் சமம் என்று ஒப்புக்கொள் என்றால், அதற்குப் பெயர் நடுநிலையா? பாறையைப் பிளந்து, எலும்பை அளந்து, உயிரணுவைக் கூறுபோட்டுக் கண்ட முடிவு ஒரு தட்டில். ஏட்டிலே எழுதியிருக்கிறது, ஆகவே மெய் என்ற நம்பிக்கை மறு தட்டில்! நோபல் பரிசு பெற்ற அறிவியலார் 72 பேர் இச்சட்டத்தை எதிர்த்து உச்சநீதிமன்றத்துக்கு எழுதினர். 1987 ஜூன் திங்களில், ஏழு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, அச்சட்டமும் வீழ்ந்தது.

‘படைப்பு’ என்ற சீட்டு இனிச் செல்லாது. அப்படியானால் புதிய சீட்டு வேண்டுமல்லவா? இங்கேதான் நம் முதல் நூல் பிறக்கிறது.

மூட்டையைப் பிரிப்போம்

‘பாண்டாக்களும் மக்களும்’ நூலில் விவிலியத்தின் பெயர் சொல்லி வாதம் நடத்தப்படுவதில்லை. ஆதாம் இல்லை, ஏவாள் இல்லை, பெருவெள்ளம் இல்லை. உயிரணு உண்டு, புதைபடிவம் உண்டு, புரதம் உண்டு. முகப்பைப் பார்த்தால் உயிரியல் பாடநூலேதான். அது முன்வைக்கும் கொள்கைக்குப் பெயர் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’. உயிர்கள் தாமே கிளைத்துத் திரிந்து பெருகியவை அல்ல. அறிவுடைய ஒரு செயலி அவற்றை வடிவமைத்தது. மீன் செதிலோடும் துடுப்போடும், பறவை இறகோடும் அலகோடும் முழு உருவிலேயே தோன்றின என்பது அதன் சாரம். வடிவமைத்தவர் யார்? நூல் வாய் திறவாது. எப்போது வடிவமைத்தார்? சொல்லாது. எவ்வாறு? கேட்கக்கூடாது. 454 கோடி ஆண்டு அகவை கொண்ட இந்தப் பூமியின் வயதைப்பற்றிக்கூட முடிவு சொல்லாமல் நழுவிச் செல்லும் உயிரியல் நூல் இது!

இது வேறு சரக்கு என்று அடித்துப் பேசிய வணிகரின் கூற்று எவ்வளவு மெய் என்பது 2005இல் வெளிப்பட்டது. வழக்கொன்றில் இந்நூலின் அச்சேறாத பழைய படிகள் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தன. பழைய படியிலே பக்கந்தோறும் ‘படைப்பு’, ‘படைப்புவாதிகள்’! 1987ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிந்திய படியிலே அதே பக்கம், அதே வாக்கியம், அதே விளக்கம். ‘படைப்பு’ இருந்த இடத்தில் மட்டும் ‘வடிவமைப்பு’. ஏறத்தாழ 150 இடங்களில் இந்த மாற்றம் நடந்திருப்பதாக நீதிபதி தம் தீர்ப்பிலே எழுதினார்.

அதனினும் சுவையான செய்தி ஒன்றுண்டு. ஒரு படியில், ‘படைப்புவாதிகள்’ என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு ‘வடிவமைப்பை ஏற்போர்’ என்ற தொடரை வைக்க முயன்ற கை, அவசரத்தில் தவறிவிட்டது. பழைய சொல்லின் முதலெழுத்து அப்படியே நிற்கிறது; கடைசி எழுத்துகள் அப்படியே நிற்கின்றன; நடு வயிற்றிலே புதிய தொடர் திணிக்கப்பட்டிருக்கிறது. தலை பழையது, வால் பழையது, உடல் புதியது! ‘இடைநிலை உயிர் எங்கே? ஒன்று மற்றொன்றாக மாறுகையில் பாதி வழியில் நிற்கும் வடிவத்தைக் காட்டு பார்க்கலாம்!’ என்று டார்வினைப் பார்த்து அறைகூவியவர்களின் சொந்த நூலிலேயே, பாதி வழியில் நிற்கும் வடிவம் ஒன்று அகப்பட்டுக்கொண்டது. சொல்லின் புதைபடிவம் என்று அதனைச் சொல்லலாம்!

பிறப்பைக் கொண்டு நூலைத் தள்ளலாகாது, உள்ளே இருக்கும் வாதத்தைப் பார் என்பீர்கள். நியாயம். பார்ப்போம்.

நூலின் தலையாய வாதம், இடைவெளி வாதம். 1993இல் வந்த இரண்டாம் பதிப்பு, நிலத்தில் நடந்த விலங்குக்கும் கடலில் நீந்தும் திமிங்கலத்துக்கும் இடைப்பட்ட தெளிவான புதைபடிவம் இல்லை என்று மாணவனுக்குச் சொன்னது. மறு ஆண்டே, 1994இல், பாகிஸ்தானில் கிடைத்த ‘ஆம்புலோசீட்டஸ்’ என்னும் நடக்கும் திமிங்கலத்தைப்பற்றி அறிஞர்கள் எழுதிவிட்டனர். காலும் உண்டு, நீந்தும் உடலும் உண்டு. காஷ்மீரத்திலே நம் நாட்டு நிலவியலாளர் ரங்காராவ் திரட்டி வைத்திருந்த பாறைகளுக்குள் இருந்து, திமிங்கலக் குலத்தின் நெருங்கிய உறவான ‘இந்தோகையஸ்’ என்ற சிறு குளம்புவிலங்கு 2007இல் உலகுக்கு அறிமுகமாயிற்று. மீனுக்கும் நாற்கால் உயிருக்கும் நடுவே நிற்கும் ‘டிக்டாலிக்’, கனடாவின் வடகோடித் தீவில் 2004இல் கிடைத்தது. வயது ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுகள். இல்லை, இல்லை என்று சொல்லி, அந்த இல்லாமையின்மேல் கோயில் கட்டினால், ஒவ்வொரு மண்வெட்டியும் அடித்தளத்தை அசைக்கத்தானே செய்யும்?

அடுத்தது, இரத்தம் உறையும் வாதம். காயத்தில் இரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி வரிசையாக வேலை செய்யவேண்டும். ஒன்று குறைந்தாலும் எல்லாம் நின்றுவிடும். ஆகவே அனைத்தும் ஒரே வேளையில் ஒருவரால் அமைக்கப்பட்டிருக்கவேண்டும் என்கிறது நூல். அழகான வாதம், ஆனால் டால்பினும் திமிங்கலமும் இந்த வாதத்தைப் படித்ததில்லை போலும்! நம் இரத்தத்தில் உள்ள புரதங்களுள் ஒன்று அவற்றிடம் இல்லை. இருந்தும் அவற்றின் இரத்தம் உறைகிறது. அவை உயிர் வாழ்கின்றன.

தலைப்பிலே வீற்றிருக்கும் பாண்டாவைக் கேட்டாலும் அது நூலாசிரியருக்கு எதிராகவே சாட்சி சொல்லும். மூங்கில் தண்டைப் பற்றி இழுக்கப் பாண்டாவுக்குக் கட்டைவிரல் போன்ற ஓர் உறுப்பு உண்டு. ஆனால் அது விரலன்று. ஐந்து விரலும் கரடிக்கு இருப்பதுபோல் ஒரே வரிசையில் இருக்க, மணிக்கட்டு எலும்பொன்று நீண்டு, ஆறாவது விரலாக வேலை பார்க்கிறது. எல்லாம் வல்ல தச்சன் புதுமரம் கொண்டு புதுவீடு கட்டியிருந்தால் இப்படியா அமைத்திருப்பான்? பழைய வீட்டு விட்டத்தை எடுத்துப் புதுத் திண்ணைக்குத் தூணாக நிறுத்தியதுபோல அன்றோ இருக்கிறது! இருப்பதைக்கொண்டு ஒப்பேற்றுவதுதான் பரிணாமத்தின் கைவேலை. அதற்குத் திட்டமில்லை, முன்யோசனையில்லை. காலம் மட்டும் கோடிக்கணக்கில் உண்டு.

திறனாய்வாளன் கேட்கவேண்டிய பெருங்கேள்வி இனித்தான் வருகிறது. இந்நூல் மாணவனை எங்கே கொண்டுபோய் விடுகிறது? அறியாத இடம் வந்தால், ‘தேடு’ என்பது அறிவியல். ‘நில், இங்கே ஒருவர் இருக்கிறார்’ என்பது இந்நூல். தேடலைத் தொடங்கவேண்டிய இடத்திலே அது முற்றுப்புள்ளி வைக்கிறது. பிழையான செய்தி பிறகு திருத்தப்படலாம். கேள்வியையே விடையாக எண்ணப் பழகிய உள்ளத்தைத் திருத்துவது எளிதன்று. அதுவே இந்நூலின் பெருங்குற்றம்.

டோவர் ஊரின் வகுப்பறை

பென்சில்வேனியா மாநிலத்து டோவர் என்னும் ஊர். 2004 அக்டோபரில் அவ்வூர்ப் பள்ளிக் குழு ஒரு தீர்மானம் செய்தது. ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பாடம் தொடங்குமுன் ஓர் அறிக்கை படிக்கப்பட வேண்டும். டார்வின் கொள்கை வெறும் கொள்கையே, அதில் இடைவெளிகள் உண்டு. அறிவார்ந்த வடிவமைப்பு என்று மற்றொரு விளக்கம் உண்டு. அறிய விரும்புவோர்க்கு ‘பாண்டாக்களும் மக்களும்’ நூல் இருக்கிறது. திறந்த மனத்தோடு இருங்கள் என்பது அறிக்கையின் கருத்து. ஏறத்தாழ 60 படிகள் நன்கொடையாக வந்து சேர்ந்தன. யார் கொடுத்தார்கள் என்று ஊருக்குத் தெரியாது. குழு உறுப்பினர் ஒருவர் தம் தேவாலயத்திலே திரட்டிய பணம் அது என்பது நீதிமன்றத்தில்தான் அம்பலமாயிற்று.

‘வெறும் கொள்கை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் மொழியிலும் இந்த மயக்கம் உண்டு. கட்சிக்குக் கொள்கை உண்டு, மதத்துக்குக் கொள்கை உண்டு. கொண்டிருப்பது எதுவோ அது கொள்கை. அறிவியலாரின் கொள்கை அப்படிப்பட்டதன்று. ஆயிரம் சோதனைக்கு உட்பட்டு, பொய்யாகிவிடக்கூடிய வாய்ப்பைத் தானே முன்வந்து கொடுத்து, பொய்யாகாமல் நின்ற விளக்கத்துக்குத்தான் அங்கே அந்தப் பெயர். கோள்கள் கதிரவனைச் சுற்றுவதை விளக்குவதும் கொள்கைதான். நோய்க்குக் கிருமி காரணம் என்பதும் கொள்கைதான். வெறும் கொள்கைதானே என்று கிருமி படிந்த கத்தியால் அறுவை செய்துகொள்ள எவர் முன்வருவார்?

அந்த அறிக்கையைப் படிக்கவேண்டியவர்கள் உயிரியல் ஆசிரியர்கள். அவர்கள் மறுத்துவிட்டார்கள். மாதச் சம்பளக்காரர்கள், மேலிடத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள். இருந்தும், அறிவியல் அல்லாததை அறிவியல் என்று எங்கள் வாயால் பிள்ளைகளிடம் சொல்லமாட்டோம் என்று மறுத்தார்கள். 2005 ஜனவரியில் அதிகாரிகளே வகுப்புக்கு வந்து அறிக்கையைப் படித்தனர். ஆசிரியர்கள் வெளியே சென்று நின்றனர். படித்து முடித்த பிறகு மாணவர்கள் அதைப்பற்றிக் கேள்வி கேட்கலாமா? கூடாது! திறந்த மனத்தோடு இரு, வாயை மட்டும் மூடிக்கொள் என்பது எவ்வளவு விந்தையான உபதேசம்!

பெற்றோர் பதினொருவர் வழக்குத் தொடுத்தனர். 2005 செப்டம்பர் 26 அன்று விசாரணை தொடங்கியது. வடிவமைப்புக் கொள்கையின் முதற்பெரும் சாட்சியான பேராசிரியர் மைக்கேல் பீஹி, அறிவியல் கொள்கை என்பதற்குத் தாம் தரும் இலக்கணத்தின்படி பார்த்தால் சோதிடமும் அதில் அடங்கும் என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நீதிபதி ஜான் ஜோன்ஸ், பழமைவாதக் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவரால் அமர்த்தப்பட்டவர். கோயிலுக்குச் செல்பவர்களின் பகைவர் அல்லர். டிசம்பர் 20ஆம் நாள் அவர் தந்த 139 பக்கத் தீர்ப்பு, இது அறிவியல் அன்று, படைப்புவாதத்தின் மறுபெயர் என்று அறுதியிட்டது. அதற்கு முன்பே, நவம்பர்த் தேர்தலில், தீர்மானத்தை ஆதரித்த குழுவினரை ஊர் மக்களே வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். பத்து இலட்சம் டாலர் வழக்குச் செலவு அந்தச் சிற்றூரின் பள்ளி நிதியின் தலையில் விழுந்தது.

இனி நம் வீட்டு மூலைக்கு

தோழர்களே! இதுவரை படித்துக் கைதட்டியிருப்பீர்கள். இனி ஹண்டரின் நூலைப் பிரிப்போம். டேட்டன் வழக்கில் ஸ்கோப்ஸ் எந்த நூலைக் கொண்டு பாடம் நடத்தினார் என்று வழக்குத் தொடுத்தார்களோ அந்த நூல். டென்னசி அரசே பாடநூலாக ஏற்று, பிறகு அதில் உள்ளதைக் கற்பித்தால் குற்றம் என்று சட்டமும் செய்த நூல். விடுதலைச் சிந்தனையின் சின்னமாக நாம் கருதும் நூல்.

அதிலே பரிணாமம் இருக்கிறது. அதே நூலிலே, மனிதகுலத்தை ஐந்து இனமாகப் பிரித்து, வெள்ளையினமே அனைத்திலும் உயர்ந்தது என்று சொல்லும் பகுதியும் இருக்கிறது. வறுமையிலும் குற்றத்திலும் மூளைக்குறையிலும் வாடும் குடும்பங்களைச் சமுதாயத்தின் ஒட்டுண்ணிகள் என்று பேசி, அவர்கள் பிள்ளை பெறாதபடி பிரித்து வைக்கவேண்டும் என்று யோசனை கூறும் பகுதியும் இருக்கிறது. இன மேம்பாட்டியல் என்று அதற்கு அன்று பெயர். பேராசிரியர்கள் பேசினர், சட்டமன்றங்கள் கேட்டன. 1927இல் அமெரிக்க உச்சநீதிமன்றமே விர்ஜினியா மாநிலத்தின் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தைச் செல்லும் என்றது. அந்நாட்டில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் இத்தகைய சட்டங்களின் கத்திக்கு ஆளாயினர். அவர்களுள் மிகுதியானோர் ஏழைகள், கேட்பாரற்றவர்கள்.

பிறப்பால் உயர்வு, பிறப்பால் தாழ்வு! இந்தச் சொல்லை எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? வேதத்தின் வாயால் கேட்டபோது கொதித்தெழுந்தோம். ஆய்வுக்கூடத்து வெள்ளை அங்கி அணிந்து அதே சொல் வந்தால் மட்டும் தலைதாழ்த்தி ஏற்பதா? இதுவும் சீட்டு மாறிய பழைய சரக்குதான்! பழங்காலத்து ஆண்டான்-அடிமைக் கணக்கை உயிரியல் என்ற புதுச் சீட்டு ஒட்டி விற்ற சரக்கு!

பிரையனையும் ஒரு சொல் நடுநிலையோடு சொல்லவேண்டும். உழவர்க்காகப் பேசியவர் அவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்றவர். வல்லவன் வாழ்க, எளியவன் மாள்க என்ற கொள்கை பள்ளியிலே புகுந்துவிடும் என்ற அச்சமும் அவர் உள்ளத்தில் இருந்தது. அந்த அச்சத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் ஆதரித்த சட்டம் எதைத் தடுத்தது? மனிதன் கீழ்நிலை உயிரிலிருந்து தோன்றினான் என்ற உண்மையைத் தடுத்தது. வெள்ளையனே மேலானவன் என்ற பொய்யையோ, ஏழையின் குலத்தை அறு என்ற கொடுமையையோ அது தொடவே இல்லை! நூலில் இருந்த நல்ல பகுதிக்கு விலங்கு. நச்சுப் பகுதிக்கு விடுதலை. மதத்தின் கையிலே தணிக்கைக் கோலைக் கொடுத்தால் அது எந்தப் பக்கம் பாயும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த நச்சை முறித்தது எது? வேத ஏடன்று, மேலும் வளர்ந்த உயிரியலே. மனிதரிடையே காணும் மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கட் கூட்டத்தின் உள்ளேயே இருக்கிறது, இனத்துக்கு இனம் உள்ள வேறுபாடு சிறிதினும் சிறிது என்று 1972இல் ரிச்சர்டு லெவோண்டின் கணக்கிட்டுக் காட்டினார். ஹண்டரின் நூலைத் தவறென்று சொல்ல அறிவியலுக்கு அறிவியலே வழிவைத்திருந்தது. ‘பாண்டாக்களும் மக்களும்’ நூல் தவறென்று சொல்ல அதன் கொள்கைக்குள் வழி ஏது? எந்த எலும்பு கிடைத்தால் வடிவமைப்பாளர் இல்லை என்று அது ஒப்பும்? எதுவும் இல்லை. பிழை செய்த நூலுக்கும் பிழையே செய்ய இயலாதபடி தன்னைக் கோட்டைக்குள் பூட்டிக்கொண்ட நூலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

மூட்டையே காணோம்!

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று எண்ணவேண்டாம். 2018 ஜனவரியில், அன்றைய ஒன்றியக் கல்வித்துறை இணையமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியலுக்கு ஒவ்வாதது, குரங்கு மனிதனாக மாறியதை எவரும் கண்ணால் கண்டதில்லை, பாடத்திட்டத்தில் மாற்றவேண்டும் என்று பேசினார். நாட்டின் அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. கண்ணால் காணாததை நம்பக்கூடாது என்று பேசத் தொடங்கினால் முதலில் மூடப்பட வேண்டியவை எவை என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரில்லை! இன்றைய குரங்கு எதுவும் மனிதனாக மாறியது என்று எந்த அறிவியலாரும் சொல்லவில்லை. இருவருக்கும் பொதுவான மூதாதை ஒன்று என்பதே கொள்கை. அதற்குச் சான்று நம் உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சிம்பன்சிக்கு 24 இணைக் குரோமோசோம்; நமக்கு 23. ஓரிணை எங்கே போயிற்று? நமது இரண்டாம் குரோமோசோமின் நடுவே, குரோமோசோம்களின் நுனியில் மட்டுமே இருக்கவேண்டிய எழுத்து வரிசை கிடக்கிறது. இரண்டு துண்டு ஒட்டிய தழும்பு அது!

பின்பு, பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்ற பெயரில், தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மன்றத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி எடுக்கப்பட்டது. ‘மரபும் பரிணாமமும்’ என்றிருந்த பாடம் ‘மரபு’ என்று நின்றுபோயிற்று. 2023 ஏப்ரலில் 1800க்கு மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியரும் கையொப்பமிட்டு எதிர்த்தனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்பது மன்றத்தின் விடை. உயிரியலை எடுத்துப் படிக்கும் சிலருக்கு இருக்கிறது. பத்தாம் வகுப்போடு நிற்கும் பிள்ளைக்கும் வணிகமோ வரலாறோ எடுக்கும் பிள்ளைக்கும் எங்கே இருக்கிறது? டென்னசியின் சட்டத்தை நாம் நினைக்கிறோம். நினைக்கவேண்டியது 1926ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பை! சீட்டை மாற்றி விற்பது ஒரு முறை. ஓசையின்றி மூட்டையையே அகற்றிவிடுவது மற்றொரு முறை. முதல் முறையோடு வழக்காடலாம். இரண்டாம் முறையைக் கண்டுபிடிக்கவே கண் வேண்டும்.

அந்தக் கண் நம் இளைஞர்க்கு வேண்டும். உங்கள் தம்பியின், தங்கையின் பாடநூலை இன்று மாலையே கையில் எடுங்கள். இப்படி என்று சொல்லும் நூல், எப்படித் தெரியும் என்பதையும் சொல்கிறதா? தன் கூற்று பொய்யானால் எதனால் பொய்யாகும் என்று காட்டுகிறதா? பிறப்பை வைத்து எவரையேனும் தாழ்த்துகிறதா? சென்ற ஆண்டுப் பதிப்பில் இருந்த எந்தப் பக்கம் இந்த ஆண்டு இல்லை? இந்தக் கேள்விகளை எதிரியின் நூலிடம் கேளுங்கள். நம் மன்றங்கள் அச்சிடும் நூலிடமும் கேளுங்கள். விடை தராத நூல் எவர் எழுதியதாயினும், அதைப் பிள்ளையின் பைக்குள் போக விடாதீர்கள்.

டோவர் ஊரில், அதிகாரி உள்ளே படிக்க, வகுப்பறை வாயிலுக்கு வெளியே நின்றார்களே அந்த ஆசிரியர்கள், அவர்களை எண்ணிப் பாருங்கள். மேடை ஏறவில்லை, முழக்கமிடவில்லை. பொய்யைச் சொல்ல மறுத்து வெளியே நின்றார்கள். அவ்வளவுதான். அந்த ஆண்டே வழக்கும் வென்றது.